நீர்நாய் திரும்பிய கடல்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் இடத்தில் அடியோடு ஒழிந்துபோன வேட்டை விலங்கு மறுபடி அங்கே வந்து சேர்கிறது. வந்தால் என்ன ஆகும்? அது தின்னும் உயிருக்கு என்ன ஆகும்? அந்த உயிர் தின்னும் செடிக்கு என்ன ஆகும்? அந்தச் செடியின் நிழலில் ஒதுங்கியிருக்கும் மீனுக்கு என்ன ஆகும்? அந்த விலங்கு இல்லாத காலத்தில் பிழைப்பை அமைத்துக்கொண்ட மனிதருக்கு என்ன ஆகும்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். கடைசிக் கேள்வியை இப்படிப்பட்ட கூட்டங்களில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நான் விடப்போவதில்லை.

"ஓநாய்" என்று இரண்டு மூன்று பேர் சொல்வது என் காதில் விழுகிறது. ஆமாம், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா. 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓநாய் எல்க் மானைப் பிடித்தது, மான் கூட்டம் குறைந்தது, வில்லோ மரங்கள் தழைத்தன, நதியே போக்கை மாற்றிக்கொண்டது என்று ஒரு காணொளி ஊரெல்லாம் சுற்றியது. அழகான கதை. ஆனால் அவ்வளவு அழகாக நடக்கவில்லை. மான் குறைந்ததில் ஓநாய்க்கு மட்டுமல்ல, கரடிக்கும் பூமாவுக்கும் பூங்காவுக்கு வெளியே காத்திருந்த துப்பாக்கிக்கும் பங்கு உண்டு. இருபது ஆண்டு நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2024-ல் வெளியானது. ஓநாய் இல்லாத காலத்தில் பீவர்களும் ஓடைகளை விட்டுப் போயிருந்தன. பீவர் கட்டிய அணை போனது; ஓடை தரையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது; நிலத்தடி நீரும் கூடவே இறங்கியது. அப்படிப்பட்ட ஓடைக்கரையில் ஓநாய் வந்த பிறகும் வில்லோ எழும்பவில்லை என்பதுதான் அந்த முடிவு. போனது திரும்பி வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்ப்பது நம் ஆசை; நிலம் அந்த ஆசைக்குக் கட்டுப்படாது.

ஆகவே இன்று நான் உங்களைக் காட்டுக்கு அழைத்துப் போகவில்லை. கடலுக்கு அழைத்துப் போகிறேன். அந்த வேட்டை விலங்குக்கு ஓநாயின் கம்பீரம் கிடையாது. மல்லாந்து மிதந்துகொண்டு, வயிற்றின்மேல் சாப்பாட்டைப் பரப்பிக்கொண்டு தின்னும் ஒரு பிராணி. கடல் நீர்நாய்!

நீர்நாய் நமக்குப் புதிதல்ல. காவிரியிலும் மோயாற்றிலும் இன்றும் உண்டு. வாளை மீனைக் கவ்வும் நீர்நாயைச் சங்கப் புலவர்கள் பார்த்திருக்கிறார்கள், பாடியிருக்கிறார்கள். நான் சொல்வது அதன் உறவுக்காரன். வட பசிபிக்கின் குளிர்கடலில் வாழ்வது. இந்த இனத்தில் ஆண் 45 கிலோ வரை வளரும். சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் தோலுக்கடியில் கொழுப்புப் போர்வை உண்டு, இதற்குக் கிடையாது. அதற்குப் பதிலாக ரோமம். ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சத்துக்கும் மேற்பட்ட மயிரிழைகள். நம் தலை முழுவதும் சேர்த்து எண்ணினாலும் சுமார் ஒரு லட்சம்தான் தேறும் என்பதை வழுக்கை விழத் தொடங்கிய நண்பர்கள் பொறாமையோடு கேட்டுக்கொள்ளலாம்.

ரோமம் மட்டும் போதாது. உடம்பின் உலையும் அணையாமல் எரிய வேண்டும். அதனால் தன் எடையில் கால் பங்கைத் தினமும் தின்கிறது. 24 கிலோ நீர்நாய் என்றால் நாளுக்கு ஆறு கிலோ! நண்டு, மட்டி, அபலோன் என்ற பெரிய கடல் நத்தை, எல்லாவற்றுக்கும் மேலாக, முள்பந்துபோன்ற கடல் முள்ளெலி. அக்குளில் தோல்பை ஒன்று இருக்கிறது. அடியில் முங்கிப் பிடித்ததை அதில் திணித்துக்கொண்டு மேலே வரும். ஒரு கல்லையும் கூடவே எடுத்து வரும். மல்லாந்து படுத்து, நெஞ்சின்மேல் வைத்து, டக் டக்கென்று உடைத்துத் தின்னும். ஊதா நிற முள்ளெலியை ஆயுள் முழுக்கத் தின்ற நீர்நாயின் எலும்பும் பல்லும்கூட ஊதா நிறம் ஏறிக் கிடக்கும். உணவு எலும்புவரை இறங்கியிருக்கிறது, பாருங்கள்!

அந்த ரோமமே அதற்கு எமனாக வந்தது. 1741-ல் விட்டஸ் பெரிங் தலைமையில் போன ரஷ்யக் கப்பல் ஒரு தீவில் மோதி உடைந்தது. பெரிங் அங்கேயே இறந்தார். பிழைத்தவர்கள் நீர்நாயின் தோல்களோடு கம்சட்காவுக்குத் திரும்பினார்கள். தோலைப் பார்த்த வியாபாரிகள் விடுவார்களா? அடுத்த 170 ஆண்டு வேட்டைதான். அலூஷியன் தீவுகளின் பூர்வகுடிகளான அலூட் மக்களின் பெண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆண்களைக் கடலுக்கு விரட்டி வேட்டையாட வைத்தார்கள். ஜப்பான் முதல் மெக்சிகோ வரை ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருந்த இனம், 1911-ல் நான்கு நாடுகள் ஒப்பந்தம் போட்டுக் காப்பாற்ற முன்வந்தபோது, பதின்மூன்று மூலைகளில் மொத்தம் இரண்டாயிரம்கூட இல்லை.

சரி, ஒரு பிராணி அருகிப்போனது. அதனால் கடலுக்கு என்ன? அறுபது ஆண்டு இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்க வைத்தவர் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன். 1960களில் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில், ஒரு பாறைத் துண்டிலிருந்து நட்சத்திர மீன்களைக் கையால் பிடுங்கிப் பிடுங்கிக் கடலில் வீசினார். வேறு எதையும் தொடவில்லை. என்ன ஆயிற்று? அந்தப் பாறையில் இருந்த பதினைந்து வகை உயிர்கள் எட்டாகக் குறைந்தன. நட்சத்திர மீன் தின்று அடக்கி வைத்திருந்த மட்டி, பாறை முழுவதையும் தானே பிடித்துக்கொண்டு மற்றவற்றை வெளியே தள்ளியது. தின்பவன் இருந்தவரை பதினைந்து பேருக்கு இடம் இருந்தது. தின்பவன் போனதும் ஒருவன் எல்லா இடத்தையும் எடுத்துக்கொண்டான்!

இந்தப் பெய்ன், அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் ஒன்றான அம்சிட்காவுக்கு ஒருமுறை போகிறார். அங்கே ஜேம்ஸ் எஸ்டஸ் என்ற இளம் ஆய்வாளர். இந்தக் கடல் எப்படி நீர்நாயை வாழவைக்கிறது என்று ஆராயும் எண்ணத்தில் இருக்கிறார். பெய்ன் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: நீர்நாய் இந்தக் கடலை என்ன செய்கிறது என்று பாரேன்.

எப்படிப் பார்ப்பது? இயற்கையே பரிசோதனையைச் செய்து வைத்திருந்தது. அம்சிட்காவைச் சுற்றி நீர்நாய்கள் பெருகியிருந்தன. அதே தீவு வரிசையின் மேற்கே ஷெம்யா. அங்கே நீர்நாய் இன்னும் திரும்பவில்லை. அதே குளிர், அதே அலை, அதே பாறை. அம்சிட்காவில் நீருக்குள் இறங்கினால் கெல்ப் காடு. கெல்ப் என்பது பாறையைப் பற்றிக்கொண்டு கடலடியிலிருந்து எழும் பெரும் கடற்பாசி. கலிபோர்னியாவின் பெரிய வகை ஒரே நாளில் அரை மீட்டர்கூட வளர்ந்துவிடும். அதன் நடுவே மீன் கூட்டம். முள்ளெலியோ சின்னதாய், பாறை இடுக்கில் ஒளிந்து கிடக்கிறது. ஷெம்யாவில் எஸ்டஸ் தலையை நீருக்குள் விட்ட அந்தக் கணமே விடை தெரிந்துவிட்டது. காடு எங்கே? காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை முள்ளெலி. பெரிது பெரிதாக, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, வேலியில்லாத தோட்டத்தில் புகுந்த ஆட்டுமந்தைபோல. முள்ளெலி கெல்பின் இலையைக் கொஞ்சம் கடித்துவிட்டு நகர்வதில்லை. பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பிடியை அரித்துவிடும். அடி அறுந்தால் முழுச் செடியும் மிதந்து போய்விடும். 1974-ல் எஸ்டஸும் ஜான் பால்மிசானோவும் இதை எழுதி வெளியிட்டார்கள்.

நீர்நாய் உண்டென்றால் முள்ளெலி குறைவு. முள்ளெலி குறைவென்றால் கெல்ப் உண்டு. இவ்வளவுதானா? இத்தோடு நின்றிருந்தால் நான் இங்கே நின்று உங்கள் மாலைப்பொழுதைத் தின்றுகொண்டிருக்க மாட்டேன்.

கெல்ப் இருந்தால் பாறை மீன்கள் இருக்கும். மீன் இருந்தால் கடற்காகம் மீன் தின்னும். கெல்ப் இல்லாத தீவுகளில் அதே கடற்காகம் முள்ளெலியையும் நத்தையையும் கொத்தித் திரியும். வெண்தலைக் கழுகின் கூட்டுக்குக் கீழே கிடந்த எச்சங்களைப் பொறுக்கிப் பார்த்தார்கள். நீர்நாய் நிறைந்திருந்த காலத்தில் மீனும் நீர்நாய்க் குட்டியும் அதன் உணவில் பெரும் பங்கு. நீர்நாய் குறைந்தபோது கழுகு கடற்பறவைகளின்மேல் திரும்பியது. கெல்ப் சிதைந்து உதிரும் துகள் மட்டிக்கு இரை. கெல்ப் உள்ள தீவில் மட்டி வேகமாக வளர்கிறது. வானத்தில் பறக்கும் கழுகு எதைத் தின்னுகிறது என்பதை, கடலடியில் ஒரு பிராணி எதைத் தின்னுகிறது என்பது தீர்மானிக்கிறது!

இன்னும் ஓர் இடம் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம். கலிபோர்னியாவில் மான்டரே வளைகுடாவை ஒட்டி எல்க்ஹார்ன் ஸ்லூ என்றொரு உப்பங்கழி. சுற்றிலும் விளைநிலம். வயலுக்குப் போடும் உரமெல்லாம் மழையில் கரைந்து கழிக்கு வருகிறது. உரம் வந்தால் பாசி பெருகும், பாசி படிந்தால் அடியில் உள்ள கடற்புல்லுக்கு வெளிச்சம் போகாது, அது அழுகிவிடும். கடற்புல் என்றால் நம் பாக் நீரிணையில் கடற்பசு மேய்கிறதே, அந்தப் புல்லின் உறவுதான். இப்படிப்பட்ட கழிகளில் வழக்கமாக நடப்பது இதுதான். ஆனால் எல்க்ஹார்னில் கடற்புல் குறைவதற்குப் பதிலாகப் பரவியது. ஏன்?

1984-ல் அங்கே நீர்நாய்கள் வந்து சேர்ந்தன. நீர்நாய் நண்டைத் தின்றது. நண்டு குறைந்ததும், நண்டுக்கு இரையாகிக்கொண்டிருந்த கடல் நத்தை பெருகியது. விரல்நுனி அளவுள்ள, ஓடில்லாத, பச்சை நிற நத்தை. அது புல்லின் ஒவ்வொரு இதழிலும் ஊர்ந்து, படிந்த பாசியை மேய்ந்து துடைத்தது. புல் வெளிச்சத்தைக் கண்டது. பிரென்ட் ஹியூஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2013-ல் சொன்னது இது. கெல்ப் காட்டில் நீர்நாய் தாவரந்தின்னியைத் தின்று தாவரத்தைக் காத்தது. இங்கே தாவரந்தின்னியைத் தின்பதைத் தின்று தாவரத்தைக் காத்தது. இடம் மாறினால் உணவுச் சங்கிலியின் கண்ணிகளும் மாறுகின்றன.

அதே கழியின் கரையில் இன்னொரு நண்டு, மண்ணில் வளை தோண்டி, உப்புச் சதுப்புச் செடிகளின் வேரைத் தின்று, கரையையே சரித்துக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு முப்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கரை அரிபட்டுப் போனது. நீர்நாய் பெருகிய ஓடைகளில் அந்த அரிப்பு வெகுவாக மட்டுப்பட்டது. 2024-ல் வெளியான ஆய்வு இது. பொறியாளர்கள் கல்லைக் கொட்டிச் செய்யும் வேலையை இந்தப் பிராணி பசிக்குச் செய்துகொண்டிருக்கிறது.

நண்பர்களே, நீர்நாய் எப்படித் திரும்பியது என்று நான் இன்னும் சொல்லவில்லை. அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நீர்நாய்கள் பெருகிய அதே அம்சிட்காவை அமெரிக்க அரசு அணுகுண்டு சோதிக்கத் தேர்ந்தெடுத்தது. 1965, 1969, 1971 என மூன்று வெடிப்புகள். கடைசியான கன்னிகின், அமெரிக்கா நிலத்தடியில் வெடித்ததிலேயே பெரியது. நூற்றுக்கணக்கான நீர்நாய்கள் செத்தன. அந்த ஆண்டுகளில்தான் அலாஸ்காவின் நீர்நாய்களை வலைபோட்டுப் பிடித்து, விமானத்தில் ஏற்றி, அவை ஒழிந்துபோன கரைகளில் கொண்டுபோய் விட்டார்கள். தென்கிழக்கு அலாஸ்காவுக்குச் சுமார் நானூறு. கனடாவின் வான்கூவர் தீவுக்கு 89. வாஷிங்டனுக்கு 59. ஒரிகானுக்கு 93. ஒரிகானில் விட்டவை பத்தாண்டுக்குள் மறைந்துபோயின. மற்ற இடங்களில் வேர்பிடித்தன. தென்கிழக்கு அலாஸ்காவில் மட்டும் இன்று இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டன!

திரும்பிவிட்டது, வென்றுவிட்டது என்று கைதட்டலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

1990களில் அலூஷியன் தீவுகளில் எஸ்டஸ் எண்ணி வைத்திருந்த நீர்நாய்கள் திடீரென்று குறையத் தொடங்கின. நோயில்லை, கரையில் பிணம் ஒதுங்கவில்லை. பின்னே எங்கே போயின? அடாக் தீவில் கிளாம் லகூன் என்று ஒரு உப்பேரி. அதன் வாய் குறுகியது; ஓர்க்கா திமிங்கிலம் நுழைய முடியாது. அங்கே நீர்நாய் எண்ணிக்கை அப்படியே இருந்தது. பக்கத்திலேயே திறந்துகிடக்கும் குலுக் விரிகுடாவில் நான்கில் மூன்று பங்கு காணாமல் போயிருந்தது. ஓர்க்கா நீர்நாயைத் தின்னத் தொடங்கிவிட்டது. அவ்வளவு பெரிய அழிவுக்கு எத்தனை ஓர்க்கா தேவை என்று கணக்குப் போட்டார்கள். நான்கு போதும் என்று வந்தது. ஓர்க்காவின் வழக்கமான இரையான சீலும் கடற்சிங்கமும் குறைந்ததால்தான் அது நீர்நாய்க்கு இறங்கி வந்தது என்பது எஸ்டஸ் தரப்பு. அவை ஏன் குறைந்தன என்று இன்றும் வாதாடுகிறார்கள். முடிவில் சங்கிலிக்கு இன்னொரு கண்ணி சேர்ந்தது: ஓர்க்கா வந்தது, நீர்நாய் போனது, முள்ளெலி எட்டு மடங்கானது, கெல்ப் மீண்டும் சாய்ந்தது.

கலிபோர்னியாவில் வேறு பாடம். 2013 வாக்கில் நட்சத்திர மீன்களை ஒரு கொடிய நோய் தாக்கியது. கை கையாய் உதிர்ந்து, கூழாகிக் கரைந்தன. முள்ளெலியைத் தின்னும் பெரிய சூரியகாந்தி நட்சத்திர மீன் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது. அடுத்து கடல்நீர் சூடானது. ஊதா முள்ளெலி பெருகியது. வட கலிபோர்னியாவில் கெல்ப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போயிற்று. அங்கே நீர்நாய் கிடையாது. தெற்கே மான்டரேயில் உண்டே, அங்கே என்ன ஆயிற்று? அங்கும் பல இடங்களில் மொட்டையான பாறைதான், ஆனால் நடுநடுவே கெல்ப் திட்டுகள் தப்பின. நீர்நாய்கள் முள்ளெலியைக் கூடுதலாகத் தின்றன. எந்த முள்ளெலியை? கெல்ப் திட்டுக்குள் கொழுத்துக் கிடந்ததை. மொட்டைப் பாறையில் பட்டினி கிடந்து உள்ளே ஒன்றுமில்லாத முள்ளெலியை அது சீண்டவே இல்லை. வெறும் ஓட்டை உடைத்து என்ன பயன்? ஆக, இருக்கும் காட்டை நீர்நாய் காக்கும். அழிந்த காட்டை எழுப்ப அது மட்டும் போதாது. சூரியகாந்தி நட்சத்திர மீனோ பட்டினி முள்ளெலியையும் விடாமல் தின்னும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டனில் ஆய்வுக்கூடத் தொட்டிகளில் அதை வளர்த்து வருகிறார்கள். அந்த நோய்க்குக் காரணமான பாக்டீரியா எது என்பதே 2025-ல்தான் தெரிந்தது. வேட்டையாடி ஒன்று போதும் என்று நினைத்தோம். கடல் இரண்டு கேட்கிறது.

இப்போது, விடமாட்டேன் என்று சொன்ன அந்தக் கேள்விக்கு வருகிறேன். நீர்நாய் இல்லாத நூறு ஆண்டில் கடலடியில் என்ன பெருகியது? முள்ளெலி, அபலோன், நண்டு, மட்டி, கடல் அட்டை. கடல் அட்டைக்கு என்ன விலை என்று ராமேஸ்வரம் பக்கத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கும் அதே கிராக்கி. அந்தச் செல்வத்தின்மேல் ஒரு மீன்பிடித் தொழிலே எழுந்தது. நீர்நாய் வந்த விரிகுடாவில் சில ஆண்டுக்குள் அது படுத்துவிட்டது. தென்கிழக்கு அலாஸ்காவின் நண்டு மீனவர் நீர்நாயை எந்தக் கண்ணால் பார்ப்பார்?

வான்கூவர் தீவின் மேற்குக் கரையை ஆய்ந்து 2020-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நீர்நாயால் மட்டி, நண்டுத் தொழிலுக்கு ஆண்டுக்கு ஏழு மில்லியன் கனடிய டாலர் நட்டம். கெல்ப் தரும் மீன், கெல்ப் பிடித்துவைக்கும் கரிமம், நீர்நாயைப் பார்க்க வரும் சுற்றுலா எல்லாம் சேர்த்தால் ஐம்பது மில்லியனுக்கும் மேல் லாபம் வரலாம். ஏழு போய் ஐம்பது வந்தால் லாபம்தானே? தாளில் லாபம்தான். ஆனால் அந்த ஐம்பதில் பெரும்பகுதி சுற்றுலாப் பணம். படகுக்கு டிக்கெட் விற்பவர் ஒருவர். நீர் வற்றும்போது கூடையோடு இறங்கி வீட்டுக்கு மட்டி பொறுக்குபவர் வேறொருவர். ஒருவருடைய வரவை வைத்து இன்னொருவருடைய செலவை எப்படிக் கழிப்பது? கூட்டல் கழித்தலில் இப்படி ஆளை மாற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

அந்த 89 நீர்நாய்களை இறக்கிவிட்ட செக்லசெட் விரிகுடா, பூர்வகுடிகளான நூ-சா-நுல்த் மக்களின் கடல். அரசு அவர்களிடம் ஒப்புதல் கேட்கவில்லை.   அவர்களுடைய அபலோனும் முள்ளெலியும் மட்டியும் போனபோது, எடுக்க உரிமை இல்லாத ஒரு விலங்கு அவர்கள் கண்முன் உட்கார்ந்து தின்றது.

இன்று ஒரிகானில் மறுபடி நீர்நாயை விடலாமா என்று பேசுகிறார்கள். அமெரிக்க மீன், வனவுயிர்ச் சேவைத்துறை 2022-ல் ஆராய்ந்து, செய்ய முடிந்த காரியம்தான் என்றது. என் கருத்தைக் கேட்டால், விடலாம். நண்டு மீனவரையும் பூர்வகுடிகளையும் எதிரே உட்காரவைத்து, எந்த விரிகுடா நீர்நாய்க்கு, எந்த விரிகுடா மனிதருக்கு என்று பேசி முடித்துவிட்டு விடலாம். நடக்காத கனவு என்று நினைக்காதீர்கள். கனடாவின் பசிபிக் கரையில் பழைய ஊர்க் குப்பைமேடுகளைத் தோண்டியபோது கிடைத்த மட்டி ஓடுகள், இன்று நீர்நாய் நிறைந்த கரையில் கிடைப்பதைவிடப் பெரியவை. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மட்டிப் பாறைக்குப் பக்கத்தில் நீர்நாயை அண்டவிடாமல் வைத்திருந்தார்கள், அப்பால் அதைத் தாராளமாக வாழவிட்டார்கள் என்பதே ஆய்வாளர்கள் அதிலிருந்து எடுக்கும் முடிவு. இப்போது பேச வேண்டியது அவர்களுடைய பேரன் பேத்திகளோடும்தான்.